சீட்டு எண் ஒன்று

மே மாதம். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு எடைமேடை.
பெங்களூரா ஏற்றிய வண்டிகள்
நெடுஞ்சாலை வளைவு வரை.
வெயிலில் காய் பழமாகிறது,
பழம் வேறொன்றாக.

கேபினுக்குள் நான், ஒரு ஸ்க்ரூடிரைவர்,
மூன்று ஃப்ளாப்பி, அதில் இரண்டு செத்தவை,
மார்க்கரில் 98 என்று எழுதிய சிடி.

புதுசு வாங்கலாமே என்று
கிருஷ்ணகிரியே சொல்லிவிட்டது.
புது லேப்டாப்பில் ஒன்பது ஊசித் துளை கிடையாது.
எடைமேடையிலிருந்து வரும் ஒயருக்கு
வேறு வாசல் தெரியாது.
மென்பொருள் எழுதியவர் ஓசூரில் இருந்தார்.
அவர் நம்பரை இப்போது
ஒரு பிரியாணிக் கடை எடுக்கிறது.

"காலையில மூணு தடவை தொண்டையைச் செருமுச்சு,
அப்புறம் ஒண்ணுமில்ல."
ஆஸ்பத்திரி வராந்தாக் குரலில் சொன்னார்
ஆபரேட்டர் முனிரத்தினம்.

வேறு டிஸ்க்கை மாட்டி ஃபார்மேட் கொடுத்தேன்.
நாலு சதவீதம். ஐந்து.
வெளியே யாரோ ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
ஐந்து.

பிறகு இருபத்தைந்து எழுத்துச் சாவி கேட்டது.
சாவி கேபினெட்டின் விலாவில், ஸ்டிக்கரில்.
மாம்பால் பிசுக்கு விரல்கள் இருபது வருடமாகத்
தேய்த்துப் பாதி வெளுத்துவிட்டது.
பி-யா எட்டா?
டார்ச் பிடித்த முனிரத்தினம் எட்டு என்றார்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பி என்றார்.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்
க்யூவின் முதல் ஆள், பர்கூர் மாதப்பன்:
"ரெண்டையும் போட்டுப் பாரும்மா,
சாமியா கோவிச்சுக்கப் போகுது."

எட்டுதான்.

முப்பத்தைந்து நிமிடம் மீதம் என்று
ஒரு மணி நேரம் சொன்னது.
எல்லாம் இனி சுலபம் என்றும் சொன்னது.
சவுண்டு கார்டுக்கு டிரைவர் கிடைக்காமல்
ஊமையாக எழுந்தது,
ஏரித்தண்ணீர் நிறத்தில் ஒரு வெற்றுத்திரை.
பதினாறே நிறம். எடைக்கு அது போதும்.

டாட் மேட்ரிக்ஸ் பல்லைக் கடித்தபடி துப்பியது:
சீட்டு எண் 1. தேதி 01-01-80.

மாதப்பன் கம்பி வழியாக வாங்கிப் படித்தார்.
"நான் பொறந்ததே எண்பத்திமூணு.
அதுக்குள்ள லோடு ஏத்திட்டு வந்துட்டேனா!"
பின்னால் நின்றவர்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் போயிருந்தது.
எல்லா வண்டியின் காலி எடையும் செத்த டிஸ்க்கில்.
இறக்கிவிட்டு மறுபடி மேடையேற வேண்டும்.
மாதப்பன் டிராக்டர் வெறும் டிரெய்லரோடு ஏறியது.
3,480.
அவர் சட்டைப் பையில் போன வாரத்துச் சீட்டு.
3,620.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
முனிரத்தினம் நிறைய நேரம் பார்த்தார்.
"டிரெய்லர்ல பலகையைக் கழட்டித் தகடு போட்டீங்களே, எப்போ?"
"மூணு சீசன் ஆச்சு."

பிரிண்டர் மட்டும் காகிதத்தை ஒரு வரி தள்ளியது.
மாதப்பன் விரல் மடக்க ஆரம்பித்தார்,
லோடுக்கு நூற்றி நாற்பது கிலோ,
பாதியில் கையைப் பிரித்துவிட்டார்.
என்னைப் பார்த்தார்.
"அது பொய் சொல்லலைங்க" என்றேன்.
"ஒரு தடவை சொன்னதை மறக்காம வச்சிருந்தது."
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அந்த டிஸ்க் என் பையில்தான் கிடக்கிறது.

"முதலாளிகிட்ட பேசறேன்" என்றார் முனிரத்தினம்.
எப்போது என்று சொல்லவில்லை.
மாதப்பன் இரண்டு சீட்டையும்
ஒன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தேதியைத் திருத்தினேன்.
போர்டில் காசு சைஸ் பேட்டரி தீர்ந்திருந்தது,
பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைக்கும், நாளைக்கு.
அதுவரை கரன்ட் போனால் கையால் போடுங்கள்,
வருடத்தை மறக்காதீர்கள் என்றேன்.

ஸ்கூட்டரை உதைத்தபோது கரன்ட் போனது.
போய், உடனே வந்தது.

வளைவு வரை அத்தனை வண்டியும்
எண்பதாம் வருடம் சனவரி ஒன்றில் நின்றன,
சனவரியில் இல்லாத
மாம்பழ வாசனையோடு.