பதினேழு பல்

விடிகாலை முதல் டிராமை ஓட்டுகிறவள்
டிராம் ஏறி வேலைக்குப் போக முடியாது.
இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் பிடிபட
ஆறு வருஷம் ஆயிற்று,
களவுபோன இரண்டு சைக்கிள்கள் ஆயின.

நாலு மணிக்குப் பணிமனையில் கையெழுத்து.
அந்நேரத்து மிலான்
ரொட்டி சுடுகிறவர்களுக்கும், தெரு கழுவும் லாரிக்கும்,
சண்டை முடியாமல் வீடு திரும்பும் காதலர்களுக்கும் சொந்தம்.
இரவுப் பேருந்து வரும்.
வந்தால் வரும்.

ரயில் பாலத்தின் வளைவுக்குள் மிர்கோவின் கடை.
உப்பிட்ட பன்றித் தொடைகள் போல
சைக்கிள் சட்டங்கள் கூரையிலிருந்து தொங்கின.
"என்ன மாதிரி வேண்டும்?"
"கெட்டுப்போக அதிகம் இல்லாத மாதிரி."

வெள்ளை ஒன்றை இறக்கினான்.
ஒற்றைக் கியர், பின்சக்கரத்தோடு பூட்டிய பெடல்,
பிரேக் கிடையாது.
"இதுதான் சுத்தம்" என்றான்,
நோன்பு பிடிக்கிறவனின் குரலில்.

பிரேக் வைக்காதவர்கள்
என் முன்கண்ணாடியில் எப்படி இருப்பார்கள், தெரியுமா மிர்கோ?
முதலில் முதுகு. பிறகு முகம்.
அந்த முகத்துக்கு வயது இருக்காது.

வெள்ளையை அவன் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

ஐம்பத்து நாலு அளவு: எட்டிப் பிடித்தால் தோள் முனகியது.
ரோஜா நிறத்தது: என் மகளே வேண்டாமென்பாள்.
நீலம்: விலையைக் கேட்டேன், கைப்பிடியை விட்டேன்.
அப்புறம் ஒரு பச்சை.
பழைய குளியலறை ஓட்டின் பச்சை. இரும்பு. ஐம்பத்திரண்டு.
கழுத்தருகே யாரோ சாவியால் கீறிப் பாதியில் விட்ட பெயர்.

"முன்னால் நாற்பத்தாறு பல், பின்னால் பதினேழு.
பதினேழு பகா எண். சறுக்கி நிறுத்தினால்
டயர் ஒரே இடத்தில் தேயாது,
பதினேழு இடத்தில் பகிர்ந்து தேயும்."
எட்டாம் வகுப்பில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால்
கணக்கில் நான் தோற்றிருக்க மாட்டேன்.

கடைக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
முப்பது மீட்டர். பழக்க தோஷம்,
கால் சும்மா இருக்கப் பார்த்தது.
பெடல் விடவில்லை.
முழங்காலைப் பிடித்துத் தூக்கி
ஆசனத்திலிருந்து எழுப்பியே விட்டது,
வகுப்பில் தூங்குகிறவளை எழுப்புகிற மாதிரி.

இது எனக்குத் தெரிந்த ஒன்று.
டிராமில் என் இடது காலடியில் ஒரு மிதி.
அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.
விட்டால், ஓட்டுகிறவள் செத்துப்போனாள் என்று முடிவுகட்டி
வண்டி தானாக நின்றுவிடும்.
உயிரோடிருக்கிறேன், உயிரோடிருக்கிறேன் என்று
நாளெல்லாம் காலால் சொல்கிறவள் நான்.
அந்த இரும்பு ஒருநாளும் வாய் திறந்ததில்லை.
இந்தப் பச்சை
பதில் சொல்கிறது.

தெருமுனையில் தண்டவாளம்.
என் வழித்தடம்தான்.
இத்தனை காலம் என்னைத் தாங்கிய அதே பள்ளம்
இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயரைப் பார்த்து
வாயைத் திறந்து கிடந்தது.
இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்தேன். வெட்கமில்லை.
திரும்பி வரும்போது
நேர்குத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"முன்பிரேக் போடு. மட்கார்டு போடு. மணி போடு."
"இதில் போய் மணியா?" சிரித்தான்.
மணியில்லாமல் எனக்கு எதையும் ஓட்டத் தெரியாது என்றேன்.
முந்நூற்றெண்பது யூரோ. மணி இனாம்.

செவ்வாய், மூன்று நாற்பது. மழை விட்ட கல்தெரு.
தண்டவாளம் தேய்க்கும் வண்டி எதிரே வந்தது,
உள்ளே துய்லியோ.
ஹெல்மெட்டுக்குள் இருப்பது யாரென்று தெரியாமல்
ஜன்னலைத் திறந்து
சைக்கிள்காரர்களுக்கென்று நாங்கள் வைத்திருக்கும்
அந்த ஒரு சொல்லைக் கத்தினான்.
அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

மணியடித்தேன்.
நின்று சிரிக்கலாம் என்றால்
கால் நிற்கவில்லை.