வார்டில் ஒரு மாடு

சக்கரம் வைத்த கணினிக்கு
ஆங்கில முதலெழுத்து மூன்றைக் கூட்டி
மாடு என்று பெயர் வந்தது.
எங்கள் வார்டில் மூன்று மாடுகள்.
ஒன்றுக்கு முன்சக்கரம் நொண்டி.
இரவுப் பணியில் எனக்கு வாய்ப்பது அதுதான்.

தை இரண்டாம் நாள்
அட்டெண்டன் பச்சையப்பன்
அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார்.
தொற்றுத் தடுப்புக் குழு வருவதற்குள்
நூர் ஹஸ்லிண்டா சிரித்துக்கொண்டே
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டாள்.
விசைப்பலகை இடுக்கில் மட்டும்
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
இன்னும் கொஞ்சம் சிவப்பு.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை
புதுக் கடவுச்சொல் கேட்கும்.
பிள்ளைகள் பெயர், தெருப் பெயர் எல்லாம் தீர்ந்து
இப்போது நான் சம்பால் பெலாச்சான் ஒன்பது.
நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும்.

பொய் சொல்லக் கூடாது.
போன மாதம், கண் சொக்கிய நேரத்தில்
நான் ஏற்றப்போன ஊசியை
அதுதான் தடுத்தது.
திரை முழுக்கச் சிவந்து
இவருக்குப் பென்சிலின் ஆகாது என்றது.
பின்னாலிருந்து யாரோ
தோளைப் பிடித்து இழுத்த மாதிரி.
அன்று யாரும் பார்க்காதபோது
அதன் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தேன்.

ஆனால் பதினான்காம் படுக்கை.
கூ பெங் சுவான், எண்பத்தொன்று,
ஆயர் ஈத்தாமில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்.
வலி எத்தனை, பத்துக்கு?
நான் மலாயில் கேட்பேன்.
அவர் ஹொக்கியனில் ஏதோ சொல்லிவிட்டு
காற்றில் ஒரு சக்கரக்கம்பியை முறுக்குவார்.
ஒரு முறுக்கு என்றால் பொறுத்துக்கொள்வார்.
மூன்று முறுக்கு என்றால் மருந்து.
நான் ஏழு என்று தட்டுவேன்.
கட்டத்தில் எண்ணுக்குத்தான் இடம்.

வியாழன் இரவு மூன்று பத்துக்கு
மூன்று மாடும் ஒன்றாய் உறைந்தன.
நடுத்திரையில் சுற்றும் சின்ன வளையத்தை
வெறித்தபடி ஹவுஸ்மன் ஜெகதீபன்.
அடி இழுப்பறையிலிருந்து
காகித அட்டவணைகளை எடுத்தோம்.
என் கையெழுத்து
யாரோ தூரத்துச் சொந்தம் போல் வந்து நின்றது.
பிறகு தட்டுவதற்கு ஒன்றுமில்லை.
எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு
ஒரு படுக்கையருகே நாற்காலி இழுத்துப் போட்டேன்.

அவர் எதையும் முறுக்கவில்லை.
என் கட்டைவிரலைப் பிடித்து
சக்கரம் கோணலா என்று பார்ப்பவர் போல
இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார்.
பிறகு விட்டுவிட்டார்.

நெஞ்சை அழுத்த வேண்டாமென்று
மகன் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்.
ஜெகதீபன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தான்.
மூன்று நாற்பத்தாறு.
என் புறங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மாடு விழித்தது.
விழித்ததும் விழிக்காததுமாய்க் கத்தியது:
படுக்கை பதினான்கு.
நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம்
கடந்துவிட்டது.

டாக்டர் மூடினால்தான் கோப்பு மூடும்.
டாக்டரோ கீழே அவசரப் பிரிவில்.
அதுவரை அவர் உள்ளே உயிரோடு இருந்தார்.
ஏன் செய்யவில்லை, ஒன்றைத் தேர்ந்தெடு:
நோயாளி மறுத்தார்.
நோயாளி படுக்கையில் இல்லை.
மற்றவை, நாற்பது எழுத்துக்குள்.

அவர் மறுக்கவில்லை.
படுக்கையில்தான் இருந்தார்.
மகன் பட்டர்வொர்த்திலிருந்து
பாலத்தில் வந்துகொண்டிருந்தார்.
நாற்பது எழுத்தில்
சைக்கிள் என்று தொடங்கி அழித்தேன்.

ஹஸ்லிண்டா வெந்நீர்ப் பேசினோடு வந்தாள்.
திரைச்சீலையை இழுத்துவிட்டோம்.
முகம், கழுத்து, கிரீஸ் ஏறி
என்றைக்கும் வெளுக்காத நகங்கள்.
முதுகைத் துடைக்க
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
அவரை மெதுவாகத் திருப்பினோம்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து
'செய்யப்பட்டது' என்பதைத் தொட்டேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டது.
இடது.
யார் உதவியோடு என்று கேட்டது.
ஹஸ்லிண்டாவின் எண்ணைப் போட்டேன்.

திரை பச்சையானது.
அடுத்த முறை
காலை ஏழு மணிக்கு என்றது.