குழி எண் இரண்டு

எனக்குக் கார்களை அடியிலிருந்துதான் தெரியும்.
கெல்லிவாரே வாகனப் பரிசோதனை நிலையம்,
இரண்டாம் எண் குழி, பத்தொன்பது வருஷம்.
மேலே எது வந்து நின்றாலும்
எண்ணெய் சொட்டும் இடத்தை வைத்தே
உடையவர் பெயரைச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தேழு.
காலை எட்டுக்குத் தூரேயின் சாப் தொண்ணூற்றாறு.
வி வடிவில் நாலு சிலிண்டர், ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு சிசி,
அறுபத்தைந்து குதிரை.
முன்சக்கரம் இழுக்கும்.
கியர்க்கம்பு ஸ்டியரிங்கின் கழுத்தில்.
ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும்,
எஞ்சின் சக்கரத்தைக் கைகழுவிவிடும்;
இறக்கத்தில் வண்டி தன்பாட்டுக்கு உருளும்,
யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாமல்.

ஒன்பதரைக்கு இங்கெகெர்டின் வோல்வோ அமேசான்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு சிசி,
எண்பத்திரண்டு குதிரை.
பின்சக்கரம் தள்ளும். எடை இருநூறு கிலோ கூட,
அதில் பாதி கதவை அறைந்து சாத்தும்போது கேட்கும்.
காலை எடுத்தாலும் இந்த எஞ்சின் விடாது.
பிடித்து இழுத்துக்கொண்டே,
உறுமிக்கொண்டே இறங்கும்.

அண்ணன், தங்கை.
எழுபத்தொன்பதில் ஏரிப் பனியில் ஒரு பந்தயம்.
நேர்கோட்டில் நான்தான் முன்னால் என்பாள்.
வளைவு என்று ஒன்று இருந்ததே என்பான்.
வளைவில் தொடங்கியது
அப்பாவின் காட்டுப் பங்குவரை போய்
பதினாலு வருஷமாய் முகம் கொடுப்பதில்லை.

ஆனால் கேட்பார்கள்.
"புகை எவ்வளவு?"
"இரண்டு புள்ளி ஒன்பது."
கையுறையை மாட்டுவான். கழற்றுவான்.
"அவளுடையது?"
விதிப்படி சொல்லக் கூடாது.
சொல்வேன்.
அவள் வந்தால் முதலில் பிரேக்கைத்தான் கேட்பாள்:
பின்னால் இடதும் வலதும் ஒரே அளவா, அவனுக்கு?
இல்லை என்றால்
அன்று எனக்கு ஒரு இலவங்க ரொட்டி கிடைக்கும்.

அந்த வருஷம் சாப் தேறவில்லை.
கதவடிச் சட்டத்தைத் தட்டினேன்.
திருப்புளி பிடிவரை உள்ளே போனது,
வெந்த கிழங்கில் போவதுபோல.
தூரே ஒன்றும் கேட்காமல் தாளை மடித்துக்கொண்டான்.

ஒன்பதரைக்கு அவள்.
"அவனுடையது?"
"தேறவில்லை. துரு."
ரொட்டிப் பை கையிலேயே இருந்தது.
"எந்தப் பக்கம்?"
"இடது."
"முன்னாலா, பின்னாலா?"
"பின்னால். ஜாக்கி வைக்கிற இடம்."
"எவ்வளவு நீளம்?"
நான் கையை விரித்துக் காட்டினேன்.
அவள் அதைத் தன் கையால் அளந்துகொண்டாள்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை.
குழியில் இறங்கி விளக்கைப் பிடித்தேன்.
புதுத் தகடு. அதன் விளிம்பில் வெல்டிங்,
சரிந்து கிடக்கும் காசுகள்போல்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து,
முடிகிற இடத்தில் பின்னோக்கி ஒரு சின்னக் கொக்கி.
மால்ம்பெரியெட் சுரங்கப் பட்டறையில்
இருபத்தாறு வருஷம் பற்றவைத்த கை.
அதே கொக்கியை அமேசானின் அடியில்
வருஷந்தோறும் பார்க்கிறேன்.

"யார் போட்டது?"
"ஒரு ஆள்."
"காசு எவ்வளவு ஆயிற்று?"
"கொள்ளை," என்றான் தூரே. "கூசாமல் வாங்கினாள்."
அந்த 'ஆள்' வினையில் வந்து மாட்டிக்கொண்டதை
அவன் கவனிக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தேறியது என்று முத்திரை குத்தினேன்.

வாசல்வரை போனவன் நின்றான்.
"அவளுடைய புகை?"
"போன மாதமே சொன்னேனே."
"திரும்பச் சொல்."
"மூன்று புள்ளி நாலு."
பூட்சிலிருந்த பனியை உதறினான்.
"அந்தக் கார்புரேட்டரை இன்னும் சரிசெய்யவே இல்லை அவள்,"
என்றான்,
சாவிக்கொத்தில் சின்னத் திருப்புளி இருக்கிறதா என்று
விரலால் தேடிக்கொண்டே.