தலைக்கு முப்பத்து மூன்று

அலுவலகக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தோம்:
உள்ளே வராதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள்.
அதனால் அந்த வருடம்
ஹாஸ்கின் கவுண்டி முழுவதும்
என் சமையலறை மேஜைக்கு வந்தது,
ரொட்டித்தூளுக்கும் மடிக்கணினிக்கும் நடுவே,
பின்னணியில் டிராக்டர் உறுமலோடு.

எத்தனை மாடு?
அதுதான் என் கேள்வி.
இறைச்சி ஆலை மூடியதும்
பாதி வழியில் லாரி திரும்பியது,
தீவனக்காரன் கடன் தரவில்லை,
இரவில் தூக்கம் வரவில்லை,
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை
என்றைக்கு அதிகமாக இருந்ததோ
அந்த நாளின் எண்ணிக்கை.
தலைக்கு முப்பத்து மூன்று டாலர்.

ஓர்லின் ஸ்கார் மூன்று முறை அழைத்தார்.
முதலில் நாற்பத்தொன்று.
மறுநாள், இல்லை, நாற்பத்திரண்டு.
மூன்றாம் முறை "ஒரு சந்தேகம்" என்று தொடங்கி
இருமினார்.
யார் இருமினாலும் அந்நாளில்
போனைக் காதிலிருந்து விலக்குவேன், மடத்தனமாய்.

ஏப்ரல் பதினேழு, உறைபனி, காற்று.
அந்தப் பருவத்தின் கடைசிக் கன்று
குறுக்கே திரும்பிக் கிடந்ததாம்.
மருத்துவர் நாற்பது மைல் அப்பால்.
சங்கிலி போட்டுத் தானே இழுத்ததாகச் சொன்னார்.
கன்று பிழைத்தது.
விடிவதற்குள் பசு போய்விட்டது.

"இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தனவா?"
கேட்க வேண்டியது என் வேலை.

அடுப்பில் பால் பொங்கி
நான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன்,
அதுவரை அவர் பேசவில்லை.
"எழுந்து நின்றாள். ஒரு காதை நக்கினாள்.
இன்னொன்றுக்கு வரவில்லை."

அப்படியானால் நாற்பத்திரண்டு, என்றேன்.
விதிப்படி அதுதான் உச்சம்.

"அந்த முப்பத்து மூன்று
அவளுக்கா, கன்றுக்கா?"

அதற்கும் கட்டம் கிடையாது.
செத்ததை எடுத்துப்போக லாரிக்காரன்
எழுபத்தைந்து வாங்கினானாம்.
"சரி, போடுங்கள்" என்றார். போட்டேன்.

அதே வாரம் டெல்ஃபினா ஓரோஸ்கோ அழைத்தாள்.
ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவள்,
பதினெட்டு நாள் காய்ச்சல்.
விவசாய உதவி என்று யாரோ எண் கொடுத்திருக்கிறார்கள்.
"நான் தினம் எண்ணூறு மாட்டைத் தொடுகிறேன்" என்றாள்.
உங்கள் பெயரில் எத்தனை, என்று கேட்டேன்.
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
இப்போது நினைத்தால் கூசுகிறது.

செப்டம்பரில் வாரப்பத்திரிகை பட்டியல் போட்டது.
டெலிங்கர் தொழுவம்: ஒரே வேலி, நான்கு பெயர்,
நால்வருக்கும் உச்சவரம்பு, சென்ட் பிசகாமல்.
அதை யாரும் இரண்டாம் தடவை படிக்கவில்லை.
அவ்வளவு பெரிய தொகைக்கு
இந்த ஊரில் கோபப்படத் தெரியாது.

ஓர்லின் ஸ்கார், ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு.
தீவனக் கடையில் விர்ஜில் ஹோக்
தராசின் மேல் பத்திரிகையை விரித்து வைத்து
ரசீதின் பின்புறம் வகுத்துப் பார்த்தான்.
"நாற்பத்திரண்டாம்!
கோடை முழுக்க அந்த வழியாகத்தான் போகிறேன்,
நாற்பத்தொன்றுதான் மேய்கிறது."

என் கையில் நாய்த்தீவன மூட்டை.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரகசியக் காப்பு
வீட்டு இழுப்பறையில்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
வெளியே வந்தேன்.

திரும்பும்போது அவர் வேலியோரம்
வண்டியை நிறுத்தினேன்.
எதற்கென்று தெரியவில்லை,
எண்ணினேன்.
நாற்பத்தொன்று.

கடைசியில் நின்ற கன்று தலையைத் தூக்கியது.
இடது காதின் நுனி இல்லை,
பனி தின்ற காது.
வலது காது
முழுசாக இருந்தது.