கடைக்கண்

நடுப்புணியில் இறங்கினோம்.
போர்டில் தமிழா மலையாளமா,
எனக்கு இரண்டும் ஒரே எறும்புக் கூட்டம்.
கொழிஞ்சாம்பாறைக்கு ஆட்டோ கேட்ட பௌசியாவிடம்
நடக்கலாம் என்றேன்.
கையைப் பிடிக்காதே, குழி வந்தால் மட்டும் சொல்.
குழி வந்த பிறகுதான் சொல்வாள்.

போன வருஷத்திலிருந்து
கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் காசு.
நேராகப் பார்ப்பதையெல்லாம் விழுங்கிவிடும்.
மலை வேண்டுமென்றால்
ரோட்டோரத் தண்ணீர்த் தொட்டியை முறைக்க வேண்டும்.
அப்போது ஓரமாய் வந்து நிற்கும்,
கட்டவிழ்ந்த பக்கத்து வீட்டு மாடு போல.

ஆடிக் காற்று கணவாய் வழியே
முகத்தில் அறைந்துகொண்டே வந்தது.
சட்டென்று அறுந்தது.
நின்றேன்.
கோலை நீட்டினால் லாரி டயர்.
செக்போஸ்ட் வரிசையாம்.
டிரைவர் யாரோ பூண்டு தாளித்துக்கொண்டிருந்தான்,
கொஞ்சம் பசித்தது.

"எல்லை எங்கடி?"
கள்ளுக்கடைப் புளிப்பு மூக்கில் ஏறியபோது கேட்டேன்.
முன்னும் பின்னும் பார்த்தாள் போல.
"தாண்டிட்டோம்னு நினைக்கிறேன்."
ஆறுக்கு ஆறு கண் அவளுக்கு.

தென்னந்தோப்பு முடிந்து வயல் திறந்ததும்
"மயிலு!" என்று கத்தினாள்.
அவசரத்தில் நேரே திரும்பி
மயிலைத் தொலைத்தேன்.
பிறகு மெல்ல
அவள் காதுத் தோட்டில் பார்வையை ஊன்றினேன்.
வயல் ஓரத்தில் ஒரு நீலம் எழும்பி,
நீளமாய் இழுபட்டு,
எங்கோ இறங்கியது.
அசையாமல் அப்படியே நின்றிருந்தேன்.

அவளைத்தான் பார்க்கிறேன் என்று எண்ணி
பௌசியா
முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.
"என்னடி அப்படிப் பாக்குற?"