நாலாம் இலக்கம்

மைனஸ் முப்பத்தொன்று. வின்னிபெக்கில் இங்க்ஸ்டர் வீதி.
பாண் பக்டரிக்குப் போகிறோம், விடிய ஐந்து மணி வேலை.

காரின் விசிறிக்கு இரண்டே குணம்:
பூச்சியம், அல்லது நாலு.
ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம்
மின்தடைச் சுருள் வழியே தணிந்து போக வேண்டியவை.
அது கருகிவிட்டது.
நாலுக்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை,
பற்றரியிலிருந்து நேரே மோட்டாருக்கு.

நாலில் வைத்தால் சுகிர்தா பேசுவது கேட்காது.
நிற்பாட்டினால் எங்கள் மூச்சே கண்ணாடியில் படிந்து
வீதியை எடுத்துக்கொள்ளும்.
ஆகவே சிவப்பு விளக்குகளில் மட்டும் பேசினோம்,
ஒரு விளக்குக்கு ஒரு வாக்கியம்.
கீவாட்டின் சந்தியில், "ஸ்கேன் எடுத்தவை" என்றாள்.
பச்சை விழுந்தது. நாலைப் போட்டேன்.
மக்ஃபிலிப்ஸ் சந்தியில், "இடது பக்கம்."

சனிக்கிழமை ரொடெல்
முன்தட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டு
தலைகீழாய்ப் படுத்துக் கைவிட்டான்.
அந்தச் சக்கரத்துக்கு அணில்கூண்டு என்று பேராம்;
குடியிருந்தது எலி.
டிஷ்யூத் தாள், மேப்பிள் விதை, என் பழைய பார்க்கிங் துண்டு.
சுழல மாட்டாமல் மோட்டார் மின்சாரத்தை இழுத்து இழுத்து,
அது வீசும் காற்றில் ஆற வேண்டிய சுருள்
காற்றில்லாமல் வெந்திருக்கிறது.
முப்பத்தெட்டு டொலர்.

திங்கள், ஒன்றில் வைத்தேன்.
கால்மாட்டில் வெதுவெதுப்பு, ஒரு பூனை அளவு சத்தம்.
கீவாட்டின் சிவப்பு.
இனி எவ்வளவும் பேசலாம்.
சுகிர்தா கையுறையைக் கழற்றினாள், போட்டாள்.
பிறகு அவளே எட்டி
குமிழை நாலுக்குத் திருகினாள்.