காப்பு

கோரிப்பாளையம் சிக்னலில் என்னை ஓரங்கட்டினார்கள்.
தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது,
வாங்கி வந்த தேங்காய் அதற்குள்.
"என்ன வேலை பாத்தீங்க சார்?"
வெளியுறவுத் துறை. தூதரக உதவியாளர். ரிட்டயர்டு.
சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.
"நம்ம ஆளுதான். போயிட்டு வாங்க."

நான் போகவில்லை.

இதே வாக்கியத்தை
வேறொரு பாஷையில் ஒருவன் சொல்லியிருக்கிறான்,
பனி கொட்டும் தலைநகரத்தில், விறைப்பான சல்யூட்டோடு.
வண்டியின் எண் பலகையைப் பார்த்தான்,
என் அட்டையைப் பார்த்தான்,
பேனாவுக்கு மூடி போட்டான்.
அவனுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மடங்கிக் கிடந்தது.
வீடு வீடாக முட்டை கொண்டுபோகிற பெண்.
மஞ்சள் கரு பனியில் உறையும் என்று
அன்றுதான் தெரியும்.
இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தாள்,
வளையல் கடையில் அளவு பார்ப்பவளைப் போல.

அறிக்கையில் எழுதினேன்:
பணி நிமித்தம், விமான நிலையத்திலிருந்து
தபால் பையுடன் திரும்புகையில்.
பொய் இல்லை.
முத்திரை வைத்த பை பின்சீட்டில் இருந்தது.
அதன் மேல் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் இருந்தது.
அதற்காக நாலு தெரு சுற்றிப் போனேன்.
அந்த நாலில் ஒன்றுதான் அவள் தெரு.
கறிவேப்பிலை அறிக்கையில் இல்லை.
பதினோராம் நாள் டெல்லி விமானம்.

போன வருஷம் ஒத்தக்கடைக்குப் போனேன்.
ஹைகோர்ட்டுக்கு எதிரே, யானைமலை முழுசாகத் தெரியும் டீக்கடை.
அடைக்கலராஜ் வக்கீல்
வெள்ளைப் பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு
போண்டாவைப் பிட்டான்.
என் மேல் நானே கேஸ் போட முடியுமா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை. அதற்காகவே டீக்கு நான் காசு கொடுத்தேன்.

"அங்க உனக்கிருந்த காப்பு உன்னோடது இல்ல நீலமேகம்.
சர்க்காரோடது. கட்டுனவன்தான் அவுக்கணும்,
நீயா கழத்தி வைக்க முடியாது.
இங்க போடணும்னா டெல்லி முன் அனுமதி தரணும்.
எதுக்குத் தரும்?
நாளைக்கு வேற ஊர்ல வேற ஒரு கிளார்க்கைப்
பொய்க் கேசுல உள்ள வெப்பான். அப்ப
இதே காப்புதான்யா காப்பாத்தும்."

அதுவும் நிஜம்.
எங்கள் கோதண்டபாணியைப்
பாலத்தைப் படம் பிடித்தார் என்று மூன்று நாள் வைத்திருந்தார்கள்.
அட்டை வந்துதான் கதவு திறந்தது.
அவர் மகள் அந்த அட்டையின் நகலை
இன்றைக்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.
அவளிடம் போய் நான் என்ன சொல்ல?

காப்பு.
திருவிழாவுக்குக் கட்டினால்
ஊர் எல்லை தாண்டக் கூடாது.
போலீஸ் ஸ்டேஷனில் காப்பு என்றால் இரும்பு.
எனக்குக் கட்டியது
எல்லை தாண்டுகிறவனுக்கு மட்டும் கட்டுவது.
நூல் கண்ணுக்குத் தெரியாது.
ஓய்வூதியம் வாங்கும் கையில் இன்னும் அரிக்கிறது.

"சார், பின்னாடி வண்டி நிக்குது."
ரசீது போடுங்கள் என்றேன்.
அவருக்குக் கோபம் வந்தது. போட்டார்.
ஆயிரம் ரூபாய்.
பெயர்: நீலமேகம் கு.ரா. அடுத்த கட்டத்தில், குற்றம்.
என் பெயரும் அந்தச் சொல்லும்
பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரே காகிதம்.

"மெஷின் பேப்பர் சார்,
ஆடிக்குள்ள எழுத்து போயிடும்" என்றான்
சிம்மக்கல் ஜெராக்ஸ் கடைப் பையன்.
ரெண்டு எடு என்றேன்.
"ரெண்டாவது யாருக்கு?"

வீட்டுக்கு வந்து உறையில் போட்டு ஒட்டினேன்.
தேசத்தை எழுதினேன். ஊரை எழுதினேன்.
மேலே பெயருக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.
பேனாவுக்கு மூடி போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
சமையலறையிலிருந்து பங்கஜவல்லி
மூன்றாவது முறையாகக் கேட்கிறாள்,
தேங்காய் எங்கே என்று.